பால் காய்ச்சிட்டா மட்டும் போதாது! அமெரிக்காவில் ஸ்டேட் மாறும்போது வரி விஷயத்தில் கவனிக்க வேண்டியவை

கலிஃபோர்னியாவில் இருந்து டெக்சாஸுக்கு வேலை மாறுது. இல்லைன்னா, நியூ ஜெர்சியில் இருந்து ஃப்ளோரிடாவுக்கு வீடு மாறுது. நண்பர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் வரும் முதல் மெசேஜ் என்னவா இருக்கும்? "சூப்பர் மச்சி, இனிமே உனக்கு ஸ்டேட் டாக்ஸ் இல்ல!"

அது பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாமல் விட்டவர்களுக்குத்தான், ஊர் மாறி ரெண்டு மூணு வருஷம் கழித்து பழைய மாகாணத்தில் இருந்து ஒரு கடிதம் வருகிறது. வரி பாக்கி இவ்வளவு, அதுக்கு வட்டி இவ்வளவு, அபராதம் இவ்வளவு என்று.

புது ஊரில் வீடு எடுத்து, பால் காய்ச்சி, பெட்டியைப் பிரித்து அடுக்குவது ஒரு வார வேலை. ஆனால், 'நான் பழைய ஊரை விட்டுக் கிளம்பிட்டேன், இந்தத் தேதியில் கிளம்பினேன்' என்று பேப்பரில் காட்டுவது தனி வேலை. அதைக் காட்டும் பொறுப்பு உங்களுடையது. நீங்களோ, உங்கள் அண்ணன், அக்கா, ஃப்ரெண்டோ அமெரிக்காவில் ஸ்டேட் மாறப் போகிறீர்கள் என்றால், இதைப் படித்துவிட்டு மூட்டை கட்டுங்கள்.

சென்னை டு பெங்களூரு மாதிரி இல்லை

நம்ம ஊரில் வருமான வரி மத்திய அரசுக்குப் போகிறது. சென்னையில் வேலை பார்த்தாலும் பெங்களூரில் பார்த்தாலும் சம்பளத்துக்கான வருமான வரி ஒன்றுதான். மாறுவது தொழில் வரி மட்டும்தான். அதுவும் ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று அரசியல் சட்டமே சொல்கிறது. அதனால், 'ஊர் மாறினால் வருமான வரியும் மாறும்' என்ற யோசனையே நமக்கு வருவதில்லை.

அமெரிக்காவில் ரெண்டு அடுக்கு. ஃபெடரல் வரி எல்லோருக்கும் பொது. அதற்கு மேல் ஒவ்வொரு மாகாணமும் தனக்கென்று தனிச் சட்டம், தனி ஸ்லாப், தனி படிவம் வைத்திருக்கிறது. நியூயார்க் நகரம் போன்ற சில இடங்களில் நகர வரியும் சேரும்.

2025 நிலவரப்படி சம்பளத்துக்கு வருமான வரி இல்லாத மாகாணங்கள் ஒன்பது: டெக்சாஸ், ஃப்ளோரிடா, வாஷிங்டன், நெவாடா, டென்னஸி, நியூ ஹாம்ப்ஷயர், சவுத் டகோட்டா, வயோமிங், அலாஸ்கா. வரியே இல்லாத சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். டெக்சாஸில் வீட்டு வரி அதிகம். வாஷிங்டனில் சேல்ஸ் டாக்ஸ் அதிகம். தவிர, ஷேர் விற்றுப் பெரிய தொகை லாபம் பார்ப்பவர்களுக்கு 2022 முதல் அங்கே தனி வரியும் உண்டு.

எதிர்முனையில் கலிஃபோர்னியா. அங்கே உச்ச விகிதம் 13.3%. அது பத்து லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்கு. ஆனால், தனி நபராக வருஷத்துக்கு சுமார் 70,000 டாலரைத் தாண்டினாலே 9.3% ஸ்லாபுக்குள் வந்துவிடுவீர்கள். ஐ.டி. சம்பளக்காரர்கள் பெரும்பாலானவர்கள் இருக்கும் ஸ்லாப் இதுதான். ஆகவே, 'நான் எந்த ஸ்டேட் ஆள்' என்ற கேள்விக்கு வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர் மதிப்பு இருக்கிறது. மாகாணங்கள் விடாமல் கேட்பதும் அதனால்தான்.

ரெண்டு வார்த்தை தெரிஞ்சா பாதி புரிஞ்ச மாதிரி

முதல் வார்த்தை, டொமிசைல். 'எங்கே போனாலும் கடைசியில் திரும்பி வரும் என் ஊர், என் வீடு' என்று நீங்கள் நினைக்கும் இடம். ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒரே ஒரு டொமிசைல்தான் இருக்க முடியும். புதிதாக ஒன்றை ஏற்படுத்தும்வரை பழையது தானாகப் போகாது.

இரண்டாவது, ரெசிடென்ட். ஒரு மாகாணம் தன் வரிச் சட்டப்படி உங்களை 'எங்க ஆள்' என்று சொல்வது. டொமிசைல் வேறு மாகாணத்தில் இருந்தாலும், இங்கே வீடும் வைத்து நிறைய நாள் தங்கினால் இங்கேயும் ரெசிடென்ட் ஆகிவிடலாம். அதாவது, ஒரே வருஷத்தில் ரெண்டு மாகாணம் உங்களை 'எங்க ஆள்' என்று சொல்ல முடியும்.

ரெசிடென்ட் என்றால் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் அந்த மாகாணத்துக்கு வரி. நான்-ரெசிடென்ட் என்றால், அந்த மாகாணத்துக்குள் சம்பாதித்ததற்கு மட்டும் வரி. வருஷத்தின் நடுவில் மாறினால் பார்ட்-இயர் ரெசிடென்ட். மாறிய தேதிக்கு முன்னால் ஒரு கணக்கு, பின்னால் ஒரு கணக்கு.

"எனக்கு எச்-1பி விசாதானே, நான் எப்படி ரெசிடென்ட்?" என்று கேட்கலாம். மாகாண வரிக்கு ரெசிடென்ட் ஆக கிரீன் கார்டு தேவையில்லை. குடியுரிமை விவகாரம் வேறு, வரி விவகாரம் வேறு. அதேபோல, யுனிவர்சிட்டியில் குறைந்த ஃபீஸ் கட்டுவதற்கான 'இன்-ஸ்டேட்' அந்தஸ்தும் வேறு. அதற்குப் பெரும்பாலும் ஒரு வருஷம் அங்கே இருந்திருக்க வேண்டும். வரிக்கு அப்படியெல்லாம் காத்திருக்க மாட்டார்கள்.

'183 நாள்' என்ற பாதி உண்மை

"183 நாளுக்குள்ள இருந்துட்டு வந்துட்டா பிரச்னை இல்லை." ஆபீஸ் கேன்டீனில் அதிகம் கேட்கிற அட்வைஸ் இதுதான். இதை நம்பி மாட்டிக்கொள்பவர்கள் நிறைய.

நியூயார்க்கை எடுத்துக்கொள்வோம். அங்கே ரெண்டு கதவு. ஒன்று, டொமிசைல். உங்கள் டொமிசைல் நியூயார்க்தான் என்று முடிவானால், பொதுவாக நாள் கணக்கு பார்க்காமலேயே ரெசிடென்ட்டாக வைத்துவிடுவார்கள். சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. டொமிசைல் வேறு இடம் என்றால்தான் இரண்டாவது கதவு: அங்கே நிரந்தரமாகத் தங்கக்கூடிய ஒரு வீடு வருஷத்தின் பெரும்பகுதி உங்களுக்கு இருந்து, 183 நாளுக்கு மேல் மாகாணத்துக்குள் இருந்திருந்தால் ரெசிடென்ட். காலையில் வந்து மீட்டிங் முடித்து சாயங்காலம் கிளம்பினாலும் அது ஒரு நாள்தான். ஏர்போர்ட்டில் விமானம் மாறுவது போல வெறுமனே கடந்து போவதற்கு மட்டும் விலக்கு.

டொமிசைலை முடிவு செய்ய நியூயார்க் ஆடிட்டர்கள் முக்கியமாக ஐந்து விஷயங்களைப் பார்க்கிறார்கள். பழைய வீடும் புது வீடும் எப்படி இருக்கின்றன, வேலை அல்லது தொழில் எங்கே, நாள்கள் எங்கே கழிகின்றன, மனசுக்கு நெருக்கமான பொருள்கள் எங்கே இருக்கின்றன, குடும்பம் எங்கே இருக்கிறது. நான்காவதுக்கு 'டெடி பேர் டெஸ்ட்' என்றே செல்லப்பெயர் உண்டு. நம்ம பாஷையில் சொன்னால், பூஜை அறைப் படங்களும் கல்யாண ஆல்பமும் வீணையும் எந்த வீட்டில் இருக்கின்றனவோ, அதுதான் உங்கள் வீடு.

பெற்றோருக்காக வீடு வாங்கியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு ஒன்று உண்டு. ஜான் கேய்ட் என்பவர் குடியிருந்தது நியூ ஜெர்சி. அவருடைய தொழில், நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்டில். அதன் அருகிலேயே ஒரு கட்டடம் வாங்கி வயதான பெற்றோரைக் குடிவைத்தார். 'உங்களுக்கு இங்கே வீடு இருக்கிறது, தினமும் வேலைக்கும் வருகிறீர்கள், ஆகவே நீங்கள் எங்கள் ரெசிடென்ட்' என்றது நியூயார்க் வரித்துறை. 2014-ல் மாகாணத்தின் உச்சபட்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வீடு சொந்தமாக இருந்தால் போதாது, அவர் அதைத் தன் குடியிருப்பாகப் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்றது. ஜெயித்தார். ஆனால், வழக்கு 2001 முதல் 2003 வரையிலான வருஷங்களைப் பற்றியது. தீர்ப்பு வர பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

கலிஃபோர்னியாவின் அணுகுமுறை வேறு. 'தற்காலிகமாக' இல்லாமல் அங்கே இருந்தால் ரெசிடென்ட். ஒரு வருஷத்தில் ஒன்பது மாதத்துக்கு மேல் அங்கே இருந்தால், ரெசிடென்ட் என்றே எடுத்துக்கொண்டு 'இல்லை என்றால் நிரூபியுங்கள்' என்பார்கள். ஒன்பது மாதத்துக்குக் கீழே இருந்தால் தப்பித்துவிட்டீர்கள் என்று அர்த்தம் இல்லை. வீடு, குடும்பம், கார், பேங்க், டாக்டர், லைசென்ஸ் என்று எந்த மாகாணத்தோடு உங்களுக்கு ஒட்டுதல் அதிகம் என்று பார்ப்பார்கள்.

தேதிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

கில்பர்ட் ஹையாட் என்ற கண்டுபிடிப்பாளருக்கு 1990-ல் மைக்ரோபிராசசர் தொடர்பான பேட்டன்ட் கிடைத்தது. பெரும் பணம் வரத் தொடங்கியது. 1991 செப்டம்பர் வாக்கில் கலிஃபோர்னியாவை விட்டு நெவாடாவின் லாஸ் வேகாஸுக்குக் குடிபோய்விட்டதாக அவர் சொன்னார். கலிஃபோர்னியாவின் வரி வாரியமோ, 'இல்லை, நீங்கள் உண்மையில் போனது 1992 ஏப்ரலில்' என்றது. நடுவில் இருந்த சில மாதங்களில் வந்த வருமானம்தான் சண்டைக்குக் காரணம். ஆடிட்டர்கள் அவருடைய குப்பையைக்கூடப் பார்த்தார்கள்.

அவர் வரி வாரியத்தின் மீது நெவாடாவில் வழக்குப் போட்டார். அந்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு 2003, 2016, 2019 என்று மூன்று முறை போனது. ஒரு மாகாணத்தின் மீது அதன் சம்மதம் இல்லாமல் இன்னொரு மாகாண நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. இதற்கிடையே 2017-ல் கலிஃபோர்னியாவின் வரி மேல்முறையீட்டு வாரியமே, குடியிருப்பு விஷயத்தில் ஹையாட் பக்கம் நின்றது. சில மாத வித்தியாசம், கால் நூற்றாண்டு வழக்கு.

நமக்கு அவ்வளவு பெரிய தொகை இருக்காது. ஆனால், லாஜிக் அதேதான். போனஸ் வரும் மாதம், ஷேர் விற்கும் நாள், வீடு மாறும் நாள் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், 'எந்தத் தேதியில் மாறினீர்கள்?' என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

கிளம்பிய பிறகும் துரத்தும் வருமானம்

ஊர் மாறிய பிறகு வருகிற பணத்துக்கெல்லாம் பழைய மாகாணம் வரி கேட்க முடியாது என்று நினைப்பது இன்னொரு தவறு. ஐ.டி. ஊழியர்களுக்கு இது முக்கியமாக ஆர்.எஸ்.யூ. விஷயத்தில் வரும்.

ஒரு கணக்கு. கம்பெனி உங்களுக்குப் பங்குகளைக் கொடுப்பதாக அறிவித்த நாள் முதல் அது உங்கள் கைக்கு வரும் நாள்வரை 1,000 வேலை நாள்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 600 நாள் கலிஃபோர்னியாவில் வேலை பார்த்தீர்கள், 400 நாள் டெக்சாஸில். பங்கு கைக்கு வரும்போது மதிப்பு 50,000 டாலர். நீங்கள் அப்போது டெக்சாஸ்வாசிதான். ஆனாலும் 60%, அதாவது 30,000 டாலர், கலிஃபோர்னியாவில் சம்பாதித்ததாகக் கணக்கு. 9.3% ஸ்லாப் என்றால் தோராயமாக 2,800 டாலர் வரி. இதை மறந்தால்தான் பின்னால் கடிதம் வரும்.

இன்னொரு நுணுக்கம். "அரை வருஷம்தானே கலிஃபோர்னியாவில் சம்பாதிச்சேன், கீழ் ஸ்லாபுக்குப் போயிடுவேன்" என்று கணக்குப் போடாதீர்கள். உங்கள் முழு வருஷ வருமானத்தையும் வைத்து விகிதம் கண்டுபிடித்து, அதை கலிஃபோர்னியா பங்குக்கு மட்டும் பொருத்துவார்கள்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. 401(கே) போன்ற ஓய்வூதியப் பணத்தை நீங்கள் பின்னாளில் எடுக்கும்போது, பழைய மாகாணம் அதில் கை வைக்க முடியாது. நான்-ரெசிடென்ட்டின் ஓய்வூதியத்துக்கு மாகாணங்கள் வரி போடக் கூடாது என்று 1996-ல் ஃபெடரல் சட்டமே வந்துவிட்டது.

குடும்பம் அங்கே, நீங்கள் இங்கே

நம்மவர்கள் வீட்டில் அடிக்கடி நடப்பது இது. கணவருக்கு டல்லாஸில் புது வேலை. பையனின் ஸ்கூல் வருஷம் முடியட்டும் என்று மனைவியும் பையனும் கலிஃபோர்னியாவிலேயே இருக்கிறார்கள். கணவர் ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்துபோகிறார்.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்களே, வரி விஷயத்தில் அந்த நிலைமைதான் இது. வீடும் குடும்பமும் கலிஃபோர்னியாவில் இருப்பதால், 'நீங்கள் இன்னும் கிளம்பவில்லை' என்று அவர்கள் வாதாட இடம் இருக்கிறது. கணவர் கிளம்பிவிட்டார் என்றே ஏற்றுக்கொண்டாலும் கதை முடியாது. கலிஃபோர்னியா, டெக்சாஸ் ரெண்டுமே திருமணத்துக்குப் பின் சம்பாதித்ததைக் கணவன் மனைவிக்குப் பாதிப் பாதியாகப் பார்க்கும் சட்டம் உள்ள மாகாணங்கள். அதனால், கணவரின் டெக்சாஸ் சம்பளத்தில் பாதி மனைவியின் வருமானம் ஆகிறது. மனைவி கலிஃபோர்னியா ரெசிடென்ட். அந்தப் பாதிக்கு அங்கே வரி கட்ட வேண்டி வரும்.

குடும்பத்தைப் பிரித்து வைக்கும் முடிவை எடுக்கும்போது இந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கம்பெனி ஓர் ஊரில், லேப்டாப் ஓர் ஊரில்

ரிமோட் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு பொது விதி: நீங்கள் உட்கார்ந்து வேலை பார்க்கும் இடம்தான் சம்பளம் சம்பாதித்த இடம். கம்பெனி கலிஃபோர்னியாவில் இருந்து, நீங்கள் டெக்சாஸ் வீட்டில் இருந்தே வேலை பார்த்தால், அந்த நாள்களுக்கு கலிஃபோர்னியா வரி இல்லை. மீட்டிங்குக்காக அங்கே போய் வேலை பார்த்த நாள்களுக்கு மட்டும் கணக்கு வரும்.

நியூயார்க் இதில் விதிவிலக்கு. நியூயார்க் கம்பெனிக்காக வேறு மாகாணத்து வீட்டில் இருந்து வேலை பார்க்கிறீர்கள் என்றால், அது கம்பெனியின் தேவையா, உங்கள் வசதியா என்று கேட்பார்கள். உங்கள் வசதிக்காக என்றால், நீங்கள் ஃப்ளோரிடா வீட்டில் உட்கார்ந்து டைப் பண்ணினாலும் அந்தச் சம்பளத்துக்கு நியூயார்க்கில் வரி உண்டு. ரிமோட் வேலையோடு வரி இல்லாத ஊருக்குப் போகலாம் என்று பிளான் பண்ணும் நியூயார்க்வாசிகள் முதலில் பார்க்க வேண்டிய விதி இது.

தினமும் எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்களுக்கு, சில மாகாணங்கள் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. நியூ ஜெர்சிக்கும் பென்சில்வேனியாவுக்கும் அப்படி ஒன்று உண்டு. ஒன்றில் குடியிருந்து மற்றதில் சம்பளம் வாங்கினால், குடியிருக்கும் மாகாணத்துக்கு மட்டும் வரி. ஆனால், ஃபிலடெல்ஃபியா நகர வரி இந்த ஒப்பந்தத்தில் வராது. நியூ ஜெர்சிக்கும் நியூயார்க்குக்கும் அப்படி ஒப்பந்தம் இல்லை. அங்கே முதலில் நியூயார்க்குக்குக் கட்டி, பிறகு நியூ ஜெர்சி ரிட்டனில் அதற்குக் கிரெடிட் கேட்க வேண்டும்.

கிரெடிட் இருக்கிறதே, பயம் எதற்கு என்றால், அது பெரும்பாலும் சம்பளம் போன்ற வருமானத்துக்குத்தான் நிம்மதியாக வேலை செய்யும். ரெண்டு மாகாணமும் உங்களை ரெசிடென்ட் என்று சொல்லிவிட்டால், பேங்க் வட்டி, டிவிடெண்ட், ஷேர் லாபம் போன்றவற்றுக்கு ரெண்டு பக்கமும் கட்ட வேண்டிய நிலைமை வரலாம். பழைய ஊரில் கதவைச் சரியாகச் சாத்திவிட்டு வரச் சொல்வது இதற்குத்தான்.

ஊரில் இருக்கும் எஃப்.டி-யும் வீட்டு வாடகையும்

ரெசிடென்ட் என்றால் உலக வருமானம் என்றோமே, அதில் இந்தியாவில் இருக்கும் எஃப்.டி. வட்டியும், கோயம்புத்தூர் ஃப்ளாட் வாடகையும் சேரும். என்.ஆர்.இ. கணக்கு வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லைதான். அமெரிக்காவில் உண்டு. ஃபெடரல் ரிட்டனில், இந்தியாவில் கட்டிய வரிக்குக் கிரெடிட் கிடைக்கும். கலிஃபோர்னியா அந்தக் கிரெடிட்டைக் கொடுப்பதில்லை. இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தமும் ஃபெடரல் வரிக்குத்தான்.

சரி, ஆறு மாதம் இந்தியாவில் இருந்து வேலை பார்த்தால்? டொமிசைல் மாறாது. திரும்பி வரும் எண்ணத்தோடு போனால் அது பயணம்தான். வேலை ஒப்பந்தத்தின் பேரில் தொடர்ந்து 546 நாள்களாவது வெளியே இருப்பவர்களுக்கு மட்டும் கலிஃபோர்னியா ஒரு தனிச் சலுகை வைத்திருக்கிறது. அதிலும், ஒரு வருஷத்தில் 45 நாளுக்கு மேல் அங்கே வந்துபோகக் கூடாது, வட்டி, ஷேர் வகை வருமானம் 2,00,000 டாலரைத் தாண்டக் கூடாது என்று நிபந்தனைகள் உண்டு.

மாறும்போது செய்ய வேண்டியவை

1. ஒரு தேதியை முடிவு செய்யுங்கள். பழைய வீட்டு லீஸ் முடிந்த கடிதம், புது லீஸ், பேக்கர்ஸ் பில், விமான டிக்கெட், கரன்ட் கனெக்‌ஷன் மாற்றிய ரசீது எல்லாம் ஒரே தேதியைச் சுற்றி இருக்கட்டும். போட்டோ எடுத்து ஒரே ஃபோல்டரில் போடுங்கள்.

2. எச்.ஆருக்கு எழுத்தில் சொல்லுங்கள். சம்பளப் பட்டியலில் வேலை பார்க்கும் மாகாணம் எந்தத் தேதியில் இருந்து மாறுகிறது என்று மெயில் போடுங்கள். அடுத்த பே ஸ்லிப்பில் பழைய மாகாண வரி பிடித்தம் நின்றிருக்கிறதா என்று பாருங்கள். வருஷக் கடைசியில் வரும் டபிள்யூ-2 படிவத்தில் ரெண்டு மாகாணத் தொகையும் சரியாகப் பிரிந்திருக்க வேண்டும். தப்பாக இருந்தால் உடனே திருத்தச் சொல்லுங்கள்.

3. விசா வேலையை மறக்காதீர்கள். வெளிநாட்டவர்கள் முகவரி மாறிய 10 நாளுக்குள் ஏ.ஆர்-11 படிவம் மூலம் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். எச்-1பி-யில் வேலை செய்யும் இடமே வேறு நகரப் பகுதிக்கு மாறினால், கம்பெனி திருத்த மனு போட வேண்டும். இது நீங்கள் மாறுவதற்கு முன்பே நடக்க வேண்டிய வேலை.

4. லைசென்ஸ், கார். ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரு கெடு. டெக்சாஸில் கார் பதிவுக்கு 30 நாள், லைசென்ஸுக்கு 90 நாள். நியூயார்க்கில் லைசென்ஸுக்கு 30 நாள். பழைய லைசென்ஸை வைத்துக்கொண்டே ஓட்டினால், அது பழைய மாகாணத்துக்கு ஒரு சாட்சி.

5. வாக்காளர் பதிவு: அமெரிக்கக் குடிமக்கள் அல்லாதவர்கள் தொடவே கூடாது! ஸ்டேட் மாறுவது பற்றிய ஆங்கிலக் கட்டுரைகளில் பெரும்பாலும் 'புது ஊரில் வோட்டர் ஆகப் பதிவு செய்யுங்கள்' என்று முதல் வரிசையில் இருக்கும். அது குடிமக்களுக்கானது. லைசென்ஸ் எடுக்கும் ஆபீஸிலேயே இந்தப் படிவத்தையும் நீட்டுவார்கள். எச்-1பி, எஃப்-1, ஏன் கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள்கூட அதில் கையெழுத்துப் போடக் கூடாது. குடிமகன் என்று தவறாகச் சொன்னதாக ஆகி, நாட்டை விட்டு அனுப்பும் அளவுக்குப் போகலாம். வரி மிச்சம் பண்ணப் போய் விசாவை இழக்க வேண்டாம்.

6. முகவரிகளை மாற்றுங்கள். பேங்க், கிரெடிட் கார்டு, 401(கே), ஷேர் கணக்கு, இன்ஷூரன்ஸ், டாக்டர், ஜிம் என்று எல்லாம். பழைய வீடு சொந்த வீடு என்றால், 'நான் குடியிருக்கும் வீடு' என்று வாங்கிய வீட்டு வரிச் சலுகையை நிறுத்துங்கள். அதை வாங்கிக்கொண்டே 'நான் அங்கே இல்லை' என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

7. நாள் கணக்கை போனில் வையுங்கள். ஆடிட் என்று வந்தால் கார்டு ஸ்டேட்மென்ட், டோல் டேக் பதிவு, செல்போன் பதிவு எல்லாம் சாட்சிதான். அதை உங்களுக்குச் சாதகமாக ஆக்கிக்கொள்ளுங்கள். காலண்டரில் எந்த நாள் எந்த ஊர் என்று ஒரு வரி போதும். கூகுள் மேப்ஸ் டைம்லைனை நம்பி இருப்பவர்கள் கவனிக்க: அந்த விவரம் இப்போது உங்கள் போனிலேயே சேமிக்கப்படுகிறது. பேக்கப் ஆன் செய்யாமல் போனை மாற்றினால் போயே போச்சு.

சட்டுனு சில கேள்விகள்

*டெக்சாஸில் ரிட்டனே இல்லை. பழைய ஸ்டேட்டுக்குக் கட்டாயம் போடணுமா?*
ஆமாம். மாறிய வருஷத்துக்கு பழைய மாகாணத்தில் பார்ட்-இயர் ரிட்டன் போட வேண்டும். கலிஃபோர்னியாவில் 540என்.ஆர்., நியூயார்க்கில் ஐ.டி-203 படிவம். போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதுதான் முக்கியம். ரிட்டன் போட்டிருந்தால், பொதுவாக கலிஃபோர்னியா நாலு வருஷத்துக்குள், நியூயார்க் மூணு வருஷத்துக்குள் கேள்வி கேட்க வேண்டும். ரிட்டனே போடாவிட்டால் அந்தக் கெடு தொடங்காது. எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம்.

*நான் மாறிய பிறகும் கம்பெனி பழைய ஸ்டேட்டுக்கு வரி பிடிச்சிட்டாங்க. போச்சா?*
போகாது. பார்ட்-இயர் ரிட்டன் போட்டு ரீஃபண்ட் கேட்கலாம். மாறிய தேதிக்கான ஆதாரம் கையில் இருக்கட்டும்.

*டெக்சாஸில் எம்.எஸ். படிக்கிறேன். கோடையில் மூணு மாசம் கலிஃபோர்னியாவில் இன்டர்ன்ஷிப். எங்கே வரி?*
மூணு மாதத்துக்காக நீங்கள் கலிஃபோர்னியா ரெசிடென்ட் ஆவதில்லை. ஆனால், அந்த இன்டர்ன்ஷிப் சம்பளம் அங்கே சம்பாதித்தது. நான்-ரெசிடென்ட் ரிட்டன் போடுங்கள். ஒரு விஷயம்: இந்திய மாணவர்களுக்கு வரி ஒப்பந்தம் மூலம் ஃபெடரலில் கிடைக்கும் சலுகையை கலிஃபோர்னியா ஏற்பதில்லை. ஃபெடரல் எண்ணை அப்படியே காப்பி பண்ணிப் போடாதீர்கள்.

*ரெண்டு வருஷம் கழிச்சு பழைய ஊருக்கே திரும்பிட்டா?*
திரும்பலாம். ஆனால், உடனே திரும்பினால் 'போனதே தற்காலிகம்தான்' என்று பழைய மாகாணம் சொல்ல வாய்ப்பு உண்டு. போன காலத்தில் வீடு, வேலை, குடும்பம் எல்லாம் புது ஊரில்தான் இருந்தது என்ற ஆதாரங்களைத் தூக்கிப்போடாமல் வைத்திருங்கள்.

*ஆடிட் கடிதம் வந்தாச்சு. என்ன செய்றது?*
முதலில், கடிதத்தில் இருக்கும் கெடு தேதியைப் பாருங்கள். பதில் போடாமல் விடுவதுதான் பெரிய தவறு. பெரும்பாலும் முதல் கடிதம் கேள்விப் பட்டியல்தான்: எப்போது மாறினீர்கள், வீடு எங்கே, குடும்பம் எங்கே என்று. நீங்கள் சொல்லும் பதில் பிறகு உங்கள் மேலேயே திரும்பும் என்பதால், ரெண்டு மாகாண ரிட்டன் போட்டுப் பழகிய ஒரு சி.பி.ஏ-விடம் காட்டிவிட்டு அனுப்புங்கள். ஷேர், சொந்த வீடு, பிரிந்து வாழும் குடும்பம் என்று மூன்றில் ஒன்று உங்களுக்கு இருந்தாலே, கடிதம் வரும்வரை காத்திருக்காமல் ஊர் மாறுவதற்கு முன்பே அவரைப் பார்ப்பது லாபம்.

இந்த வருஷம் ஸ்டேட் மாறியவர்கள் செய்ய வேண்டிய உடனடி வேலை ஒன்றே ஒன்று: கடைசியாக வந்த பே ஸ்லிப்பைத் திறந்து, அதில் எந்த மாகாணத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பழைய பெயர் இருந்தால், இன்றைக்கே எச்.ஆருக்கு மெயில் போடுங்கள். ரிட்டன் போடும் ஏப்ரல் 15 வரை அதைத் தள்ளிப்போட வேண்டாம்.